எனக்குப் பம்பை கேட்ட வருஷம்

தலையில் காந்தத்தை ஒட்டிக்கொண்டு திரியும் என் கூட்டாளிகளே, "உங்களுக்கெல்லாம் பாட்டு கேக்குமா?" என்று கேட்காத ஒரு மனிதரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள். பாலக்கோட்டில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கையை நீட்டிக்கொண்டே, ஊசியை விட்டுவிட்டு என் காதுக்குப் பின்னால் இருக்கும் மெஷினைப் பார்த்துக் கேட்கிறார்கள். போன மாதம் தருமபுரியில் நாமெல்லாம் கூடினோமே, அங்கே குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாயும் கேட்டாள். மற்றவர்கள் வேடிக்கைக்குக் கேட்கிறார்கள். அவள் பயந்துபோய்க் கேட்டாள். "பாட்டுப் போட்டா இவன் மெஷினுக்கு ஏதாச்சும் ஆயிடுங்களாக்கா? நாங்க வூட்ல டிவியே போடறதில்லீங்க" என்றாள்.

சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்துவிட்டதால் அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதை உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இப்போது சொல்லிவிடுகிறேன். பிறந்த தேதியை விடுங்கள், கேட்க ஆரம்பித்த தேதியிலிருந்து வயதை எண்ணினால் நம் கூட்டத்தில் நான்தான் கிழவி. நான் முதலில் போட்டிருந்த மாடலுக்கு இப்போது ஒரு வயர்கூடக் கிடைக்காது. ஆகவே கிழவி பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பாட்டு கேட்கும். கேட்கும் என்பதோடு நிற்கவில்லை, எனக்குப் பாட்டு என்றால் உயிர். ஆனால் நல்ல காது உள்ளவர்களுக்குக் கேட்கிற மாதிரி எனக்குக் கேட்காது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு 'ஐயோ பாவம்' வந்து உட்காரும். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

காதுக்குள் கம்பி வைக்கும் காக்ளியர் ஆபரேஷன் எனக்கு ஆனபோது ஐந்து வயது முடியவில்லை. அந்தக் காலத்து மெஷின் இப்போது போலச் சின்னது இல்லை. காதுக்குப் பின்னால் ஒரு துண்டு, அதிலிருந்து தலையில் ஒட்டும் வட்டத்துக்கு ஒரு வயர், நெஞ்சருகே தொங்கும் பேட்டரிப் பெட்டிக்கு இன்னொரு வயர். அந்தப் பெட்டியைப் போட்டுவைக்க அம்மா தன் பழைய ரவிக்கைத் துணிகளில் பை தைத்தாள். சிவப்புக் கவுனுக்குச் சிவப்புப் பை, பச்சைக் கவுனுக்குப் பச்சைப் பை. வாயில் சுருக்குக் கயிறு, மூலையில் ஒரு சின்னப் பூ. இப்போது அதில் ஒன்றுகூட வீட்டில் இல்லை. மெஷின் மாறியதும் அம்மாவே அதையெல்லாம் கரித்துணியாக்கி அடுப்படியில் தீர்த்துவிட்டாள். ஒன்றையாவது எடுத்துவைத்திருக்கலாம் என்று எனக்கு இன்றும் தோன்றும்.

அப்போது சத்தம் என்றால் எனக்குப் பரீட்சை. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வாரம் ஒருநாள் தருமபுரிக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போவோம். டீச்சர் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்ன மேளத்தைத் தட்டுவார். கேட்டால் நான் ஒரு பாசிமணியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். தட்டினார், போட்டேன். தட்டினார், போட்டேன். ஒருநாள் அந்த மேளத்தை நானே தட்டிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே அதை எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டார்.

வீட்டிலும் அதே கதை. தினமும் காலையில் அம்மா வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம் என்று சொல்லுவாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா பின்னால் வந்து தட்டத்தைத் தட்டுவார். சித்தப்பா பைக் ஹாரனை அடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். காக்கா கத்தினால் அம்மா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தன் காதைத் தொட்டுக் காட்டி, "காக்கா! கேட்டுச்சா?" என்பாள். எல்லோருக்கும் என்மேல் கொள்ளை ஆசை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு சத்தம் நன்றாக இருக்கிறதா என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டதா என்று மட்டும்தான் கேட்டார்கள்.

டீச்சர் அம்மாவிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். "பேச்சு வர்ற வரைக்கும் வீட்ல டிவி, பாட்டெல்லாம் குறைச்சுக்கங்க, புள்ளைக்குக் குழப்பமா இருக்கும்" என்பது ஒன்று. "ரொம்பப் பெரிய சத்தம் இருக்கற இடத்துக்குப் போனா மெஷின்ல சத்தத்தைக் குறைச்சுவைங்க" என்பது இன்னொன்று. அம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. டிவிக்குத் துணி போர்த்திவிட்டாள். ரேடியோவை மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் வைத்தாள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எங்கே மேளக்காரர் தலை தெரிந்தாலும் சத்தத்தைக் குறைப்பதோடு நிற்காமல், என் தலையிலிருந்து வட்டத்தையே கழற்றிப் பையில் போட்டுச் சுருக்கை இழுத்துவிடுவாள். நான் கன்னம் உப்பிய நாதஸ்வரக்காரரையும் கை பறக்கும் தவில்காரரையும் சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். பாட்டு என்பது பெரியவர்கள் முகத்தைக் கோணிக்கொண்டு செய்யும் ஒரு வேலை என்றுதான் நினைத்தேன்.

பஸ் டிரைவரை மட்டும் அம்மாவால் நிறுத்த முடியவில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து தருமபுரி போகும் தனியார் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை சினிமாப் பாட்டுத்தான். பயிற்சிக்குப் போகும்போது மெஷினைக் கழற்றக் கூடாது என்பதும் டீச்சர் உத்தரவு. இரண்டு உத்தரவும் பஸ்ஸுக்குள் மோதிக்கொள்ள, அம்மா முழிப்பாள். முதலில் அந்தப் பாட்டு எனக்குத் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரித்தான் இருந்தது. பாடுவது ஆணா, பெண்ணா, யாராவது பாடவாவது செய்கிறார்களா என்று தெரியாது. பாலக்கோட்டில் தக்காளிக் கூடைகள் ஏறும். பஸ் முழுக்க நசுங்கிய தக்காளியின் புளிப்பு வாசனை நிறையும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த இரைச்சலைக் கேட்டபடி வருவேன். சில மாதம் போனதும் இரைச்சலுக்கு அடியில் ஏதோ ஒன்று ஒழுங்காக நடந்துபோவது பிடிபட்டது. டம் டம் டக்கு. டம் டம் டக்கு. என் குதிகால் தானாக முன்சீட்டை உதைக்கும். அம்மா என் தொடையில் ஒன்று வைப்பாள்.

ஏன் அப்படி என்று பெரியவளானதும்தான் புரிந்தது. நம் காதுக்குள் சுருட்டி வைத்திருக்கும் கம்பியில் இருபது சொச்சம் புள்ளிகள்தான் இருக்கின்றன. பேச்சைப் புரிந்துகொள்ள அது போதும். ராகத்தின் நெளிவு சுளிவெல்லாம் அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகிறது. தாளம் மட்டும் எங்கும் விழுவதில்லை, நல்ல காதுக்கு எப்படிப் போகிறதோ அப்படியே நமக்கும் வந்துவிடுகிறது.

நம் கூட்டத்துக்கு வரும் ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் ஐயாவைக் கேளுங்கள். அவர் ஐம்பது வயதுவரை நன்றாகக் கேட்டவர். மெஷின் வைத்து முதன்முதலாகத் தனக்குப் பிடித்த பழைய பாட்டைப் போட்டவர், தகர டப்பாவை உருட்டுகிறார்கள் என்று சொல்லி அழுதார். இப்போது மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளை மட்டும் கேட்கிறார். மெஷின் பாதி தருகிறதாம், ஞாபகம் மீதியைப் போட்டுக்கொள்கிறதாம். அவர் அழுததற்கு நியாயம் இருக்கிறது, அவருக்கு "முன்னாடி" என்று ஒன்று இருந்தது. நமக்கு அது கிடையாது. நமக்கு வருவதுதான் முழுப் பாட்டு. இதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

சரி, ஆடி மாதத்துக்கு வருகிறேன். நான் அப்போது இரண்டாம் வகுப்பு.

எங்கள் வீடு தோட்டத்தில், ஊருக்குக் கொஞ்சம் தள்ளி. மாரியம்மன் திருவிழாவில் கரகம் தோட்டத்துக்கெல்லாம் வராது. அதனால் ஊருக்குள் பெரியம்மா வீட்டு வாசலில் நின்று, கரகம் எடுத்து வருகிறவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் குடும்ப வழக்கம். காப்பு கட்டிய மறுநாள் காலை, தலைக்கு ஊற்றி, முடியை விரித்துப் போட்டபடியே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் கோயிலுக்குள் எட்டிப் பார்த்தோம். நம்மைப் போன்ற குழந்தைகளின் அம்மாக்களுக்கு வாய் ஓயாது அல்லவா, கண்ணில் படுவதற்கெல்லாம் பெயர் சொல்ல வேண்டும். "இது கரகம். இது வேப்பல. அது பம்பை. சொல்லு, பம்பை" என்றாள். ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு மேளம், ஓரமாகக் கிடந்தது. "பம்பை" என்று சொன்னேன்.

பெரியம்மா வீட்டு வாசலில் கூட்டம். கரகம் தெருமுனையில் திரும்பும்போது அம்மாவின் இரண்டு கையிலும் மஞ்சள் தண்ணீர்க் குடம் இருந்தது. என் தலையில் இருப்பதைக் கழற்றக் கை இல்லை. "அக்கா, இவ மெஷின கொஞ்சம்" என்று பெரியம்மாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் பம்பைக்காரர் எங்களுக்கு எதிரிலேயே வந்து நின்றுவிட்டார்.

அவர் அடித்தார்.

கூட்டாளிகளே, அதை எப்படிச் சொல்வேன்! அதுவரை என் தலைக்குள் வந்த சத்தமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முனை மழுங்கி, இது என்ன அது என்ன என்று யோசிக்கவைத்த சத்தம். இது அப்படி வரவில்லை. ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சுத்தமாக வந்து விழுந்தது. ஒரு பக்கம் கணீரென்று தெறித்தது, இன்னொரு பக்கம் வயிற்றுக்குள் உறுமியது. இரண்டும் துரத்திக்கொண்டு போய், ஒரு இடத்தில் சட்டென்று சேர்ந்து நின்று, மறுபடியும் ஓடின. அடுத்த அடி எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்தது. நான் நினைத்த இடத்திலேயே விழுந்தது! ஒருமுறை வேண்டுமென்றே தள்ளி விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டப்பா இல்லை, பாசிமணி இல்லை, யாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நான் குதித்தேன். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பயமே இல்லை.

விரித்த முடி, குளித்த உடம்பு, ஆடி மாதம், எதிரில் கரகம். அதற்குள் ஒரு பெண்குழந்தை தலையை வீசி ஆடினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெரியம்மா வீல் என்று கத்தினாள். "ஆத்தா வந்துட்டா! புள்ள மேல ஆத்தா வந்துட்டாடி!"

பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தார். சாமி வந்தால் வாக்குக் கேட்க வேண்டும், வாக்குக் கேட்கும்போது பம்பை நிற்க வேண்டும். அது முறை. அவர் கையைத் தூக்கினார். பம்பை நின்றுபோனது. எனக்குச் சோற்றுத் தட்டைப் பாதியில் பிடுங்கின மாதிரி இருந்தது.

பூசாரி குனிந்து என் கண்ணைப் பார்த்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "ஆத்தா, என்ன வேணும்? சொல்லு. என்ன வேணும்?"

இந்தக் கேள்வி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டீச்சர் பந்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாராவாரம் கேட்பது இதைத்தான். "பந்து" என்று சொன்னால் பந்து வராது. முழு வாக்கியமாகச் சொன்னால்தான் கொடுப்பார். நான் கையை நேராக வைத்துக்கொண்டு, மூச்சை இழுத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன்.

"எனக்கு. பம்பை. வேணும்."

 என் வாயிலிருந்து இரண்டு வார்த்தை சேர்ந்து வந்து அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. 'ஊமைப் புள்ள' என்று என் காதுபடவே பேசிக்கொண்டவர்கள்தான், எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில். அந்தப் பிள்ளை ஊர் நடுவில் நின்று கோயில்மணி போல ஒரு வாக்கியம் பேசினால் யாருக்குத்தான் சிலிர்க்காது? பூசாரி இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டார். "கேட்டுக்கங்கப்பா! கடசி நாளைக்கு சவுண்டு செட்டு வெக்கறோம்னு பேசுனீங்களே. ஆத்தா பம்பைதான் கேக்கறா!"

பம்பை மறுபடியும் தொடங்கியது. இரண்டு அடி கேட்டிருப்பேன். சாமியைக் குளிரவைக்க வேண்டுமே, பெரியம்மா அம்மா கையிலிருந்த குடத்தை வாங்கி என் தலையோடு கவிழ்த்தாள். அத்தோடு சத்தமெல்லாம் செத்துப்போனது.

பச்சைப் பையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது. மெஷினில் மினுக்கும் சின்ன விளக்கு அணைந்திருந்தது. அப்பா அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினார். டீச்சருக்குப் போன் போட்டார்கள். ஆன் செய்யாமல் ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள் போட்டுவையுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு பாருங்கள் என்றார். டப்பாவை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அந்த வாரம் முழுக்க நான் சத்தமில்லாத சாமி. வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். தேங்காய் பழத்தோடு வந்து என் முன்னால் உட்கார்ந்து என்னென்னவோ கேட்டார்கள். மெஷின் இல்லாமல் எனக்கு உதடுதான் தெரியும், அதிலும் பாதிதான் பிடிபடும். ஒருவர் தன் மகனுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். 'வேலை' என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, "அப்பா வேலைக்குப் போறாங்க" என்றேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனார். இன்னொரு அம்மாளிடம் "அது மாடு" என்று சொன்னதாக ஞாபகம். அவளும் திருப்தியாகத்தான் போனாள்.

சித்தப்பாவுக்கு மட்டும் என்மேல் கடுப்பு. சவுண்டு செட்டுக்கு ஓசூரில் பேசி முடித்தவர் அவர்தான். அதை ரத்து செய்ய வேண்டியதாகிவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு, உதட்டை நன்றாக அசைத்து, "ஆத்தா, அடுத்த வருஷமாச்சும் ஸ்பீக்கர் கேளு ஆத்தா" என்பார்.

அம்மாவின் நடையே மாறியிருந்தது. அதை நான் சொல்லியாக வேண்டும். காது கேட்காத பிள்ளை பிறந்த நாளிலிருந்து யார் செய்த பாவமோ என்று அவளிடம் கேட்காதவர் இல்லை. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார மாட்டாள். இப்போது அதே ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவளிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசினார்கள். தன் பிள்ளையை மாரியம்மன் தேடி வந்துவிட்டாள் என்று அவள் நம்பினாள். அதை நம்ப அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்!

கடைசி நாளுக்கு முந்தின நாள் மெஷினுக்கு உயிர் வந்தது. விளக்கு மினுக்கியது. அம்மா வாயை மறைத்து "ம்" என்றாள், நானும் "ம்" என்றேன். அவள் மெஷினைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் உடனே, "பம்பை" என்றேன். அம்மா தலையாட்டிச் சிரித்தாள்.

ஆனால் மறுநாள் காலை எனக்கு மஞ்சள் பாவாடை கட்டிவிட்டு, வட்டத்தைத் தலையிலிருந்து கழற்றி, மெஷினை மெத்தென்ற துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். நான் பீரோவின் கைப்பிடியில் தொங்கினேன். அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி மெதுவாகச் சொன்னாள். "இன்னிக்கி ஆத்தா வருவா கண்ணு. தண்ணி ஊத்துவாங்க. மறுக்கா நனஞ்சா நமக்கு யாரு குடுப்பா? சாமி வர்றதுக்கு மெஷின் வேணாம்." அவள் பயத்தில் தப்பே இல்லை. அவள் நம்பியது நிஜமாக இருந்தால் அவள் செய்தது சரிதான்.  அழுதேன். அழுகையோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கோயில் வாசலில் என்னைப் பம்பைக்கு எதிரில் நிற்கவைத்தார்கள். அன்றைக்கு இரண்டு பம்பைக்காரர்கள் வந்திருந்தார்கள், எல்லாம் என் வாக்கின் மகிமை. ஊரே சுற்றி நின்று என்னைப் பார்த்தது. குச்சிகள் எழும்பி எழும்பி விழுந்தன. என் நெஞ்செலும்பில் கொஞ்சம் அதிர்ந்தது, உள்ளங்காலில் கொஞ்சம். அவ்வளவுதான். அன்றைக்கு ஓடிப் பிடித்து விளையாடிய அந்த இரண்டும் இல்லை. எனக்காக வந்த பம்பை, எனக்கு முன்னாலேயே அடிக்கிறார்கள், எல்லோருக்கும் கேட்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. நான் கம்பம் போல நின்றேன்.

இனி நடந்ததில் பேசியதெல்லாம் சித்தப்பா பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டித் தெரிந்துகொண்டது. பெரியம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள். "ஏன் ஆத்தா, என்ன கொற வெச்சோம்? ஏன் வர மாட்டங்கற?" பூசாரி கற்பூரம் காட்டினார். கூட்டத்தில் ஒருவர், "தீட்டு கீட்டு எதாச்சும் பட்டிருக்குமோ" என்றிருக்கிறார். அதற்குள் எல்லோருடைய பார்வையும் அம்மா பக்கம் திரும்பிவிட்டது.

அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. உதட்டை மறைக்காமல் கேட்டாள். இது எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அன்னிக்கி ஏன் ஆடுன?"

"பம்பை கேட்டுச்சு."

"இப்ப?"

"கேக்கல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கி நல்லா இருந்துச்சு" என்றேன்.

 அம்மா அதோடு விட்டிருக்கலாம். ஆத்தா இந்த வருஷம் வர மனசில்லை என்று பூசாரி ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார், அடுத்த ஆடிவரை அவளுக்கு அந்த மரியாதை நீடித்திருக்கும். அவள் எழுந்தாள். இடுப்பில் சொருகியிருந்த பீரோச் சாவியை எடுத்தபடி சித்தப்பாவைப் பார்த்து, "தம்பி, வண்டிய எடு" என்றாள்.  "ஏறுங்க அண்ணி" என்று சொல்லிச் சித்தப்பா புழுதி பறக்கப் போனார்.

அவர்கள் திரும்பி வரும்வரை பம்பைக்காரர்கள் நிறுத்தவில்லை. அம்மா வண்டியிலிருந்து குதித்து, துணியைப் பிரித்து, ஊர் பார்க்க என் காதுக்குப் பின்னால் மெஷினை மாட்டி, முடியை விலக்கி வட்டத்தைத் தலையில் வைத்தாள். காந்தம் டக்கென்று ஒட்டியது.

கேட்டது. நான்கு மேளம்! ஒரு ஜோடி கேள்வி கேட்டது, இன்னொரு ஜோடி பதில் சொன்னது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி ஆடினேன். கூட்டத்தில் குலவை கிளம்பியது. பெரியம்மாவுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். தயாராக வைத்திருந்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள்.

"ஊத்தாதக்கா!" அம்மா குறுக்கே பாய்ந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வுடுடி! ஆத்தா வந்து நிக்கறா!"

"சாமி இல்லக்கா," என்றாள் அம்மா. பம்பையையும் மீறி எனக்கே கேட்கிற அளவுக்குக் கத்தினாள். "எம்புள்ள. எம்புள்ள பாட்டு கேக்குது!"

பெரியம்மா குடத்தை விடவில்லை. சாமிக்கென்று கரைத்த தண்ணீரைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தரையிலும் கொட்டக் கூடாது. யாராவது தலையில் வாங்கியாக வேண்டும். அம்மாவுக்கும் அது தெரியும். குடத்தைப் பிடுங்கித் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டாள்.

ஊர் திகைத்துப்போய் நின்றது. பம்பைக்காரர்கள் மட்டும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு படி வேகத்தைக் கூட்டினார்கள். புடவை, முகம், தாலிக்கயிறு எல்லாம் மஞ்சள் வழிய அம்மா எனக்கும் குடங்களுக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கிட்டே வந்த ஒவ்வொருவரிடமும், "எம்புள்ளைங்க, தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பின்னால், கால் வலிக்கும்வரை, நான் ஆடினேன்.